குளிர்காலத் தொங்குகூடைக்கு என்ன கொடி வாங்கலாம்

செப்டம்பர் கடைசியில் எங்கள் தெருவில் கோடைக்காலக் கூடைகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பிக்கும். பெட்டூனியா காய்ந்து குச்சியாகிவிடும், வாசலில் கொக்கி மட்டும் தனியாக நிற்கும், அது அப்படியே அடுத்த மே மாதம் வரைக்கும் நிற்கும். லண்டனில் டிசம்பர் மாதத்தில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, சாயங்காலம் நாலு மணிக்குள் சூரியன் போய்விடுகிறது. வேலைக்குக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. வருஷத்திலேயே வாசலில் பச்சையாக ஏதாவது தொங்க வேண்டிய மாதங்கள் இவைதான், ஆனால் அப்போதுதான் எல்லோரும் கொக்கியைக் காலியாக விடுகிறோம். பிரிட்டனின் குளிரிலும் மழையிலும் இலை கொட்டாமல் கூடை விளிம்பிலிருந்து இறங்கித் தொங்கும் செடிகள் நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்பதை, எட்டு ஒன்பது வருஷமாகச் செய்து பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் கூடை வளராது. கோடைக்கூடையில் விரல் நீளச் செடியை நட்டால் ஆறு வாரத்தில் கூடையே தெரியாது. இங்கே அப்படி இல்லை. வெப்பம் 5, 6 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான செடிகள் வளர்ச்சியை நிறுத்திவிடும். லண்டனில் ஜனவரியில் பகலிலேயே சராசரியாக 8 டிகிரிதான், ராத்திரி 2, 3. அதனால் வாங்கும்போது ஒரு ஜாண் தொங்குகிற செடி மார்ச்சிலும் ஒரு ஜாண்தான் தொங்கும். "வளர்ந்துடும்" என்று சின்னச் செடியை வாங்குவது இந்தப் பருவத்தில் வேலைக்கு ஆகாது. ஏற்கனவே நீளமாக இருப்பதை வாங்குங்கள், நெருக்கமாக நடுங்கள், அக்டோபர் நடுவுக்குள் நட்டு முடியுங்கள். மண் கொஞ்சமாவது சூடாக இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் வேர் பிடிக்கும். நவம்பர் கடைசியில் நட்டால் செடி சாகாது, ஆனால் வேர் ஓடாமல் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், பெரிய காற்று ஒன்று அடித்தால் ஆட்டம் கண்டுவிடும்.

கடையில் அட்டையைப் படிக்கும்போது "எவர்கிரீன்" என்பதற்கும் "செமி எவர்கிரீன்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டாவது வகை, குளிர் மிதமாக இருந்தால் இலையை வைத்துக்கொள்ளும், கடுமையாக இருந்தால் கொட்டிவிடும். தரையில் வளர்க்கிறவர்களுக்கு அது பிரச்சினை இல்லை, வசந்தத்தில் திரும்பத் துளிர்க்கும். இலைக்காகவே கூடை வைக்கிற நமக்கு ஜனவரியில் குச்சியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

அட்டையில் பெரும்பாலும் ஹெச் என்ற எழுத்தோடு ஓர் எண்ணும் இருக்கும். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலைச் சங்கம் வகுத்த குளிர்தாங்கும் அளவு அது, ஹெச்1 முதல் ஹெச்7 வரை. ஹெச்3 என்றால் மைனஸ் 5 டிகிரி வரை, ஹெச்4 மைனஸ் 10 வரை, ஹெச்5 மைனஸ் 15 வரை தாங்கும் என்று அர்த்தம். ஆனால் இது தரையில் நட்ட செடிக்கான கணக்கு. தரைக்கு அடியில் மண் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கூடைக்கு அந்த வசதி இல்லை, நாலு பக்கமும் காற்று, கீழேயும் காற்று. அதனால் நான் எப்போதும் ஒரு படி கூட்டித்தான் வாங்குவேன். தரைக்கு ஹெச்3 போதும் என்கிற ஊரில் கூடைக்கு ஹெச்4 வேண்டும். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்தின் மேட்டுப் பகுதிகளில் இருப்பவர்கள் ஹெச்5-க்குக் கீழே போக வேண்டாம்.

குளிரைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது: காற்று. இலை உதிராத செடி குளிர்காலத்திலும் இலை வழியாகத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். கூடை மண் உறைந்து கட்டியாகிவிட்டால் வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. மேலே காற்று உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இப்படித்தான் இலை ஓரம் பழுப்பாகிச் சுருண்டு போகிறது. பார்ப்பவர்கள் "குளிர்ல செத்துடுச்சு" என்பார்கள், உண்மையில் அது தாகத்தில் போனது. அதனால்தான் சின்ன இலை, தடித்த இலை, மெழுகு பூசினாற்போல் பளபளக்கும் இலை உள்ள செடிகளை நான் தேடிப் போகிறேன். மெல்லிய அகல இலை காற்றில் தாக்குப்பிடிக்காது.

சரி, செடிகளுக்கு வருவோம்.

ஐவியிலிருந்து தொடங்குங்கள்

நேராகச் சொல்கிறேன், ஒரே ஒரு கொடிதான் வாங்க முடியும் என்றால் ஐவியை வாங்குங்கள். மரத்திலும் பழைய சுவரிலும் தானாக ஏறிக் கிடக்கும் அதே ஹெடெரா ஹீலிக்ஸ்தான், ஆனால் கூடைக்குச் சிற்றிலை வகைகள் வேண்டும். 'க்ளேசியர்' என்று ஒரு வகை, சாம்பல் பச்சை இலைக்குப் புடவைக் கரை போட்டதுபோல் வெள்ளைக் கரை. நிழலிலும் துலக்கமாகத் தெரியும், எந்த கார்டன் சென்டரிலும் கிடைக்கும். 'கோல்டுசைல்டு' வகைக்கு மஞ்சள் கரை. செங்கல் சுவருக்கு முன்னால், வாசல் விளக்கு வெளிச்சத்தில், மஞ்சள் கரைதான் எடுப்பாக இருக்கும். வெள்ளைக் கரை பகல் வெளிச்சத்திலும் வடக்கு பார்த்த வாசலிலும் நன்றாக இருக்கும். வடக்கு வாசல் வீட்டுக்காரர்கள் "வெயிலே படாதே" என்று தயங்கவே வேண்டாம், ஐவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இலையில் வெள்ளை அதிகமாக அதிகமாகச் செடியின் தெம்பு குறையும், காற்றில் வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும். காற்று முட்டும் மூலை என்றால் கரை இல்லாத வெறும் பச்சை ஐவியே நல்லது.

ஐவி வாங்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம். 9 சென்டிமீட்டர் தொட்டியில் விற்கும் ஐவி பார்க்க ஒரு செடி மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது ஒரு செடி இல்லை. நாலைந்து தண்டுகளை ஒரே தொட்டியில் குத்தி வேர்விட வைத்து விற்கிறார்கள். தொட்டியைக் கவிழ்த்து, வேர்க்கட்டியை அரைமணி நேரம் வாளித் தண்ணீரில் ஊற வையுங்கள். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து, பலாச்சுளை பிரிப்பதுபோல் மெதுவாகப் பிரித்தால், ஒவ்வொரு தண்டும் தன் தன் வேரோடு கழன்று வரும். கொஞ்சம் வேர் அறுந்தால் பரவாயில்லை. ஒரு தொட்டியிலிருந்து கூடையைச் சுற்றி நாலு இடத்தில் நடலாம், ஒரே இடத்தில் கொத்தாகத் தொங்குவதைவிட இது எவ்வளவோ அழகு. ஐவியின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தின்றால் விஷம், குழந்தை கைக்கும் நாய் வாய்க்கும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

இன்னொன்று. முதல் வருஷம் நவம்பரில், ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வீட்டுக்குள் வைக்கும் செடிகள் அடுக்கியிருந்த தட்டிலிருந்து அருமையான ஐவி ஒன்றை எடுத்துவந்து அன்றைக்கே வெளியே மாட்டினேன். நீளம் இரண்டு ஜாண் இருந்தது, விலையும் குறைவு. ஒரே வாரத்தில் முதல் உறைபனி விழுந்தது, காலையில் இலை எல்லாம் கருப்பாகி ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஐவி குளிர் தாங்கும் செடிதானே, ஏன் இப்படி ஆனது என்று அன்றைக்குப் புரியவில்லை. அது சூடேற்றிய கண்ணாடிக் கூடத்தில் வளர்ந்தது, கடையிலும் சூட்டிலேயே இருந்தது. இலை பிஞ்சாகவே இருந்தது, குளிருக்குப் பழகவே இல்லை. இனம் ஒன்றுதான், வளர்ந்த விதம் வேறு. அதனால் ஐவியை எப்போதும் கடைக்கு வெளியே, திறந்த வெளியில் வைத்திருக்கும் தட்டிலிருந்து எடுங்கள். உள்ளே இருந்ததைத்தான் வாங்கினீர்கள் என்றால் பத்து நாள் பகலில் வெளியே, ராத்திரி ஷெட்டுக்குள் என்று மாற்றி மாற்றி வைத்துப் பழக்கிவிட்டு மாட்டுங்கள்.

வின்கா மைனர்

அடுத்த இடம் இதற்கு. ஏப்ரலில் இதில் நீலப் பூ பூத்திருந்தபோது வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டு, "இது நித்தியகல்யாணிதானேடி, கலர்தான் வேற" என்றாள். கிட்டத்தட்ட சரி. நம் ஊர் நித்தியகல்யாணிக்குத் தாவரவியல் பெயரே முன்பு வின்கா ரோசியா என்றுதான் இருந்தது, இப்போது கேத்தரேந்தஸ் ரோசியஸ். இரண்டும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பூவின் ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்தாலே உறவு தெரியும். ஆனால் நித்தியகல்யாணி குளிர் தாங்காது, வின்கா மைனர் மைனஸ் 15-க்குக் கீழேயும் தாங்கும். இதில்தான் குழப்பம் வருகிறது: இங்கே கோடைக்காலத்தில் நித்தியகல்யாணியையும் வெறும் "வின்கா" என்றே அட்டை மாட்டி விற்கிறார்கள். மிச்சம் இருப்பதை செப்டம்பரில் பாதி விலைக்குப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள், முதல் பனியில் போய்விடும். அட்டையில் 'மைனர்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

'மேஜர்' என்றும் ஒன்று உண்டு, இலை பெரிது, அடங்காமல் ஓடும், கூடைக்குப் பொருந்தாது. மைனரில் வெள்ளைக் கரை வகையும், 'இல்லுமினேஷன்' என்று இலை நடுவில் தங்க மஞ்சளும் ஓரத்தில் கரும்பச்சையுமாக ஒரு வகையும் கிடைக்கின்றன. இதன் தண்டு ஐவியைவிட மெல்லியது, நேராகக் கயிறு மாதிரி இறங்கும், அடர்த்தி குறைவு. அதனால் தனியாக வைத்தால் சோனியாகத் தெரியும். ஐவிக்கு நடுவே இரண்டு மூன்று தண்டு நீளமாக இறங்கினால் கூடைக்கு ஓர் ஓட்டம் வரும். இதுவும் விஷச்செடிதான், ஜாக்கிரதை.

விளிம்பை நிரப்புபவை

இறங்கித் தொங்குபவை மட்டும் போதாது. விளிம்பில் உட்கார்ந்து வெளிப்பக்கம் சாய்ந்து, கம்பியையும் நார் மெத்தையையும் மறைக்க ஒன்று வேண்டும். நான் முதலில் நீட்டும் கை யுவோனிமஸ் ஃபார்ச்சூனை பக்கம்தான் போகும். 'எமரால்டு கெய்ட்டி' என்ற வகையில் பச்சை இலைக்கு வெள்ளைக் கரை. குளிர் கூடக்கூட அந்தக் கரையில் இளஞ்சிவப்பு ஏறும். ஜனவரியில் பார்த்தால் வேறு செடி வாங்கி வைத்தது மாதிரி இருக்கும். 'எமரால்டு அண்ட் கோல்டு' பளிச்சென்ற மஞ்சள். இலை தோல் மாதிரி கெட்டி, காற்றுக்கு அசையாது. ஒரு ஜாணுக்கு மேல் தொங்காது, அது அதன் வேலையும் இல்லை.

கால்தீரியா புரோகம்பென்ஸ் என்று ஒன்று, கார்டன் சென்டரில் செர்ரி மாதிரி சிவப்புப் பழத்தோடு அக்டோபரில் வரும். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வலிக்குத் தடவும் தைலத்தின் வாசனை அப்படியே வரும். வின்டர்கிரீன் எண்ணெய் எடுத்தது முதலில் இந்தச் செடியிலிருந்துதான், வட அமெரிக்கா இதன் ஊர். இலை குளிரில் செம்பு நிறமாகும், பழம் மாதக்கணக்கில் நிற்கும். இதுவும் விளிம்பில் படருமே தவிர நீளமாகத் தொங்காது. புளிப்பு மண்தான் இதற்குப் பிடிக்கும். ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்றால் சாதாரண மண்கலவையிலேயே இருந்துவிடும், அதற்கு மேல் வைத்திருக்க நினைத்தால் எரிகேசியஸ் என்கிற புளிப்பு மண்கலவை வாங்க வேண்டும், லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்ற வேண்டும்.

அஜூகா ரெப்டன்ஸ் கொஞ்சம் வித்தியாசமானது. தாய்ச்செடியிலிருந்து ஓடுதண்டு கிளம்பி, அதன் நுனியில் குட்டிச் செடி ஒன்று அந்தரத்தில் தொங்கும். 'பர்கண்டி க்ளோ' வகையில் சிவப்பு, பச்சை, வெளிறிய மஞ்சள் மூன்றும் ஒரே இலையில். நல்ல குளிர்தாங்கி. ஆனால் கருஞ்சிவப்பு வகைகள் டிசம்பர் இருட்டில் கண்ணுக்கே தெரியாது, வெளிறிய நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் எடுபடும். மண் காய்ந்தால் இதற்கு ஆகாது.

கேரெக்ஸ் 'எவர்கோல்டு' கொடியே இல்லை, புல் வகை. ஆனாலும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன், ஏனென்றால் அதன் இலைகள் நடுவிலிருந்து கிளம்பி நீரூற்று மாதிரி நாலு பக்கமும் வளைந்து விழும். இலை நடுவில் மஞ்சள் கோடு, வருஷம் முழுக்க அதே நிறம். சின்னக் கூடை என்றால் நடுவில் இது ஒன்று, சுற்றி ஐவி, வேறு எதுவும் வேண்டாம்.

நான் தவிர்ப்பவை

ஹெலிக்ரைசம் பெட்டியோலாரே, டைக்காண்ட்ரா 'சில்வர் ஃபால்ஸ்' இரண்டும் வெள்ளி நிறத்தில் கோடையில் மனசை அள்ளும். இரண்டும் பனிக்குத் தாங்காது. கடையில் அக்டோபரிலும் இருக்கும், வாங்காதீர்கள்.

க்ரீப்பிங் ஜென்னி என்கிற லைசிமாக்கியா, சில்லறைக் காசு மாதிரி வட்ட இலை, தங்க நிறம். தென் இங்கிலாந்தில் மறைவான இடத்தில் மிதமான குளிர்காலத்தில் நிற்கும், இல்லாவிட்டால் மொட்டையாகிவிடும். நம்பி வைக்க முடியாது. மியூலென்பெக்கியாவும் அப்படித்தான், நியூசிலாந்துச் செடி, கருப்புக் கம்பி மாதிரி தண்டில் பொட்டு மாதிரி இலை, கடும் குளிரில் இலை போய்க் கம்பி மட்டும் நிற்கும். தொங்கும் ரோஸ்மேரியை இரண்டு முறை முயன்றேன். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் அதற்கு ஆகவே ஆகாது. 2022 டிசம்பரில் லண்டனில் நாள் கணக்கில் உறைபனி அடித்ததே, அந்தத் தடவை ரோஸ்மேரி முழுசாகப் போனது, அதே கூடையில் பக்கத்தில் இருந்த க்ளேசியர் ஐவிக்கு ஒரு இலைகூடப் போகவில்லை. தெற்கு பார்த்த சூடான சுவர் இருப்பவர்கள் வேண்டுமானால் முயலலாம்.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

இலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தொட்டியைச் சாய்த்து, செடியின் அடியைப் பிடித்து, வேர்க்கட்டியைப் பாதி வெளியே இழுத்துப் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெள்ளை வேர் மண்ணை வலை மாதிரி பிடித்திருந்தால் நல்லது. வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். மண்ணில் ஆங்கிலச் 'சி' மாதிரி வளைந்து, வெண்ணெய் நிற உடம்பும் பழுப்புத் தலையுமாகப் புழு தெரிந்தால் அது வைன் வீவில், வேரைத் தின்று செடியைக் காலி செய்துவிடும், அந்தத் தட்டிலிருந்தே எதையும் எடுக்காதீர்கள். ஹியூக்கெரா, சைக்ளமன் வாங்கும்போது இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அந்தப் புழுவுக்கு அவை இரண்டும் விருந்து.

எத்தனை வாங்குவது? 35 சென்டிமீட்டர் கூடைக்கு நடுவில் உயரமாக ஒன்று (சின்ன ஸ்கிம்மியா அல்லது ஹெதர்), அதைச் சுற்றி மூன்று வயோலா, விளிம்பில் யுவோனிமஸ் இரண்டு, தொங்குவதற்கு ஐவித் தண்டு ஐந்தாறு. பெரிய பான்சியைவிடச் சின்னப்பூ வயோலா மேல், மழையில் நசுங்கினாலும் இரண்டு நாளில் அடுத்த பூ வந்துவிடும். கொடியில் மூன்று வகைக்கு மேல் கலக்காதீர்கள். மஞ்சள் கரை, வெள்ளைக் கரை, சிவப்பு இலை என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால் எதுவும் கண்ணில் நிற்காது.

நடுவது

கூடையை ஒரு வாளியின் வாயில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், உருளாது. கம்பிக் கூடை, உள்ளே தேங்காய் நார் மெத்தை. இது நன்றாகத் தண்ணீர் வடிக்கும். பீட் (சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் மக்கு) இல்லாத கலவையை வாங்கினால் அதில் பெரும்பாலும் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், கலந்திருக்கும், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளை நிற லேசான கல்துகள்) சேருங்கள். கோடைக்கூடைக்குப் போடுகிற தண்ணீர் பிடிக்கும் ஜெல், உரம் எதுவும் இப்போது வேண்டாம். இங்கே நம் கவலை தண்ணீர் நிற்பது, வற்றுவது இல்லை.

கொடி மேல் விளிம்பிலிருந்து மட்டும் தொங்கினால் கூடையின் வயிறு வெறுமையாகத் தெரியும். அதனால் மெத்தையின் பக்கவாட்டில், பாதி உயரத்தில், கத்தரியால் பெருக்கல் குறி மாதிரி நாலு இடத்தில் வெட்டுங்கள். பிரித்து வைத்த ஐவித் தண்டின் இலைப்பக்கத்தை ஒரு துண்டுச் செய்தித்தாளில் வைத்து, கடலை மடிக்கிற கூம்பு மாதிரி இறுக்கமாகச் சுருட்டுங்கள். அந்தக் கூம்பின் கூர்முனையை உள்ளேயிருந்து வெட்டு வழியாக வெளியே தள்ளி, வெளிப்பக்கம் பிடித்து இழுங்கள். வேர்க்கட்டி மெத்தையின் உட்பக்கம் வந்து முட்டி நிற்கும். காகிதத்தைப் பிரித்தால் ஒரு இலைகூட உடையாமல் கொடி விரிந்து தொங்கும். வேரை வெளியிலிருந்து உள்ளே திணிப்பவர்கள் உண்டு, வேர் நசுங்கும், அது வேண்டாம். நாலையும் வைத்த பிறகு வேருக்கு மேல் கலவையை அழுத்திப் போட்டு, அப்புறம் மேல் வரிசையை நடுங்கள். நடுவில் இடம் இருந்தால் குரோக்கஸ் கிழங்கு ஏழெட்டைப் புதைத்து வையுங்கள், பிப்ரவரியில் இலைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும்.

மாட்டிய பிறகு

நனைந்த 35 சென்டிமீட்டர் கூடை பத்துக் கிலோவைத் தொட்டுவிடும், கொக்கி சுவரில் உறுதியாக இருக்கிறதா என்று தொங்கிப் பார்க்காத குறையாக இழுத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய இடம்தான் நல்லது, வீட்டுச் சூடு கொஞ்சம் கசியும், காற்றும் ஒரு பக்கம் மறையும்.

மழைநாடுதானே, தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கூரை நீட்டலுக்குக் கீழே தொங்கும் கூடையில் ஒரு சொட்டு மழைகூட விழாது. வாரம் ஒருமுறை கூடையின் அடியில் கையை வைத்து லேசாகத் தூக்குங்கள். கனத்தால் விட்டுவிடுங்கள், இறகு மாதிரி எழும்பினால் காலை நேரத்தில், அன்று ராத்திரி உறைபனி இல்லை என்று பார்த்துவிட்டு, ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி அது பனிக்கட்டியாகி வேரைப் பிடிக்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கூடையை இறக்கிச் சுவர் ஓரமாக வாளிமேல் வையுங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் உறைபனி என்றால் சூடேற்றாத ஷெட்டுக்குள் அல்லது கராஜுக்குள் வைக்கலாம். பாவம் குளிருது என்று ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவராதீர்கள், இரண்டு நாளில் இலை தளர்ந்து, திரும்ப வெளியே போகும்போது தாங்காது. ஐவி இலை குளிரில் லேசாக ஊதா ஓடினால் பயப்பட வேண்டாம், மார்ச்சில் பச்சை திரும்பும்.

மே மாதம் கூடையைப் பிரிக்கும்போது எதையும் பூங்கா ஓரத்திலோ வாய்க்கால் பக்கமோ கொட்டாதீர்கள். லேமியம் கேலியோப்டலானின் வெள்ளிப்புள்ளி வகை ஒரு காலத்தில் கூடைகளில் நிறைய வைக்கப்பட்டது. இன்று அது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1981-ஆம் ஆண்டு வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணையில் இருக்கிறது, காட்டில் அதை வளரவிடுவது குற்றம். வின்காவும் ஓடிப் பரவும் குணம் உள்ளதுதான். வெட்டியதைக் கவுன்சில் தரும் தோட்டக்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

ஐவியையும் யுவோனிமஸையும் மட்டும் தூக்கிப் போடாமல் தொட்டிக்கு மாற்றி, பின்பக்கம் நிழலில் வைத்துவிடுங்கள். ஜூனில் ஐவியின் நீளத் தண்டு ஒன்றை எடுத்து, பக்கத்துத் தொட்டி மண்ணில் படுக்க வைத்து, கணு மண்ணைத் தொடுகிற இடத்தில் ஒரு ஹேர்பின்னைக் குத்தி வையுங்கள், ஆறேழு வாரத்தில் அங்கே வேர் விட்டிருக்கும், அறுத்துத் தனிச்செடியாக்கிக்கொள்ளலாம். கோடை முழுக்க மற்ற தண்டுகளைக் கத்தரிக்காமல் ஓட விடுங்கள். அக்டோபரில் கூடைக்குள் வைக்கும்போது முதல் நாளே மூன்று ஜாண் தொங்கும், கடையில் எந்தத் தட்டிலும் அந்த நீளம் கிடைக்காது.